சீதம் சொல்லும் சேதி



ஒரு சின்ன வேண்டுகோள். இந்த மாதம் இந்தப் பக்கத்தைச் சாப்பிட்டுக்கொண்டே படிக்காதீர்கள். கை கழுவிவிட்டு வந்து உட்காருங்கள். பேசப்போவது பெருங்குடலைப் பற்றி. அதிலும், அதன் உள்சுவரில் சுரக்கிற வழுவழுப்பைப் பற்றி.

போன மாதம் காரைக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி வாட்ஸ்அப்பில் போட்டோ ஒன்று அனுப்பியிருந்தார். நம் சமையல் போட்டிக்கு வந்த பதிவு என்று நினைத்துத் திறந்தேன். அது அவருடைய அப்பாவின் பயாப்ஸி ரிப்போர்ட். கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்.

"அக்கா, அப்பாவுக்குக் குடலுக்குள்ள ஒரு பாலிப் இருந்துச்சு, எடுத்தாச்சு. கேன்சர் இல்ல, ஒண்ணுமில்லனு டாக்டர் சொல்லிட்டாரு. ஆனா மூணு வருஷம் கழிச்சு கட்டாயம் வரணுமாம். ஒண்ணுமில்லன்னா எதுக்கு வரணும்? என் அண்ணனையும் டெஸ்ட் பண்ணச் சொல்றாரு. எதையோ மறைக்கிறாங்களோனு பயமா இருக்கு."

நியாயமான கேள்விதானே? பாலிப் என்றால் குடலின் உள்சுவரில் முளைக்கிற சதை வளர்ச்சி. ரிப்போர்ட்டில் இருந்தது ஒரே வரி. 'ட்யூபுலோவில்லஸ் அடினோமா, லோ கிரேடு டிஸ்பிளேசியா.' மருந்துக் கடைக்காரரிடம் காட்டினால் உதட்டைப் பிதுக்குவார். கூகுளிடம் காட்டினால் அன்று ராத்திரி தூக்கம் போய்விடும்.

நான் டாக்டர் இல்லை. ஆனால் இதே மாதிரி ஒரு வரி இரண்டு வருடம் முன்பு எங்கள் வீட்டுக்கும் வந்தது. அப்போது அலைந்து திரிந்து கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் உங்களிடம் சொல்கிறேன்.

பெரியப்பாவுக்கு மூன்று வருடமாக 'மூலம்'. அப்படித்தான் அவர் சொன்னார், நாங்களும் சொன்னோம். மலத்தோடு அவ்வப்போது ரத்தம் வந்தது எங்களுக்குப் பிறகுதான் தெரியும். பெரியம்மா துத்திக்கீரை வதக்கிக் கொடுத்தார். வாரம் இரண்டு நாள் கருணைக்கிழங்கு மசியல். குழம்பில் காரம் குறைந்தது, மோர் கூடியது. ஒரு மருத்துவமனையில் தொட்டுக்கூடப் பார்க்காமல் களிம்பு எழுதிக் கொடுத்தார்கள். களிம்பு தடவினால் தொந்தரவு பத்து நாள் நிற்கும், மறுபடி வரும். பத்து நாள் நின்றதையே நாங்கள் குணம் என்று கணக்கு வைத்துக்கொண்டோம்.

கடைசியில் கொலோனோஸ்கோப்பி, அதாவது கேமரா வைத்த குழாயைக் குடலுக்குள் விட்டுப் பார்க்கிற டெஸ்ட், செய்தபோது தெரிந்தது என்ன? அவருக்கு மூலம் இருந்தது, நாங்கள் சொன்னது பொய்யில்லை. ஆனால் அதற்கு ஒரு சாண் மேலே, குடல் வளைகிற இடத்தில் ஒரு பாலிப்பும் இருந்தது. வீட்டில் ஒரு திருடன் பிடிபட்டால் கட்டிலுக்கு அடியில் இன்னொருவன் இருக்கிறானா என்று யார் குனிந்து பார்க்கிறோம்?

டெஸ்ட்டை நினைத்துப் பயப்படுகிறவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். அதில் கஷ்டமான பகுதி முந்தின நாள் சாயங்காலம்தான். பவுடரைக் கரைத்து இரண்டு லிட்டர், டம்ளர் டம்ளராகக் குடிக்க வேண்டும். "எலுமிச்சம்பழ வாசனை போட்ட கடல் தண்ணி" என்றார் பெரியப்பா. குடித்த பிறகு பாத்ரூமுக்கும் கட்டிலுக்கும் நடை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "இன்னும் எத்தன தடவ?" என்று அவர் கேட்டதை இன்றைக்கும் பேரப்பிள்ளைகள் நடித்துக் காட்டுகிறார்கள். மறுநாள் நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. மயக்க ஊசி போட்டார்கள். கண் விழித்ததும் காபி கேட்டார்.

டாக்டர் எங்களைக் கூப்பிட்டு வீடியோவைப் போட்டுக் காட்டினார். நான் என்னவோ அசிங்கமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். ரோஜா நிறத்தில் ஒரு சுரங்கம். மழை நின்ற பிறகு தெருவிளக்கு வெளிச்சத்தில் ரோடு பளபளக்குமே, அப்படி ஒரு ஈரப் பளபளப்பு. ஒரு வளைவு திரும்பியதும் காம்பும் குடையுமாகக் காளான் மாதிரி ஒன்று நின்றது. குழாய்க்குள்ளிருந்து ஒரு சுருக்குக் கம்பி வந்து காம்பை வளைத்தது, இறுக்கியது, காளான் சாய்ந்தது. அவ்வளவுதான். வயிற்றைக் கிழிக்காமல் பாலிப்பை எடுக்கிற இந்த வித்தையை 1969-ல் நியூயார்க்கில் வில்லியம் உல்ஃப், ஹிரோமி ஷின்யா என்ற இரண்டு அறுவை மருத்துவர்கள் செய்து காட்டினார்கள். அதற்கு முன்னால் இது மாதிரிக் காளான்களுக்குப் பெரும்பாலும் வயிற்றைத் திறக்க வேண்டியிருந்தது.

எடுத்ததைச் சின்னப் பாட்டிலில் ஃபார்மலின் ஊற்றி லேபுக்கு அனுப்பினார்கள். ஐந்தாம் நாள் வந்தது அந்த ஒரு வரி. எங்கள் டாக்டர் சொன்னதும் அதேதான்: 'ஒன்றுமில்லை, ஆனால் மறுபடி வாருங்கள்.' அந்த 'ஆனால்' எனக்கும் உறுத்தியது. பள்ளியில் என் பக்கத்து பெஞ்ச்சில் உட்கார்ந்த தோழி இப்போது மதுரையில் பேத்தாலஜிஸ்ட். ஸ்லைடை வாங்கிக்கொண்டு அவளிடம் போனேன்.

அவள் முதலில் வைத்தது பெரியப்பாவின் ஸ்லைடை இல்லை. நல்ல குடல் ஒன்றின் ஸ்லைடு. "முதல்ல நல்லதைப் பார். அப்பத்தான் கெட்டது தெரியும்" என்றாள். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். டெஸ்ட் ட்யூப்களை நெருக்கமாக அடுக்கி வைத்த மாதிரி நேர் நேரான குழிகள். ஒவ்வொரு குழியின் சுவரிலும் வெள்ளை வெள்ளையாகக் குமிழ்கள், கொத்தனார் நூல் பிடித்து வைத்த மாதிரி வரிசை தப்பாமல். அந்தக் குமிழ் ஒவ்வொன்றும் ஒரு கோப்பை செல். வேலை ஒன்றே ஒன்று: சீதம் சுரப்பது.

சீதம் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? சீதபேதி. அதாவது கெட்டுப்போன வயிறு. சீதம் வெளியே தெரிகிறபோது மட்டுமே நாம் அதைக் கண்டுகொள்கிறோம், அதனால் அது ஒரு நோயின் பெயராகவே நம் மனதில் தங்கிவிட்டது. ஆனால் ஆரோக்கியமான குடலில் அது எந்நேரமும் சுரந்துகொண்டேதான் இருக்கிறது. வீடியோவில் நான் பார்த்த பளபளப்பு அதுதான். பெருங்குடலுக்குள் கோடானுகோடி பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. அவற்றுக்கும் நம் உடம்புக்கும் நடுவே இருக்கிற வேலி இந்த ஈரப்படலம். ஸ்வீடனில் கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்தின் குன்னார் ஹான்சன் குழுவினர் 2008-ல் எலிகளின் குடலில் இதை அழகாகக் காட்டினார்கள். படலம் ஒன்றல்ல, இரண்டு அடுக்கு. மேலடுக்கு தளர்வானது, பாக்டீரியாக்கள் அதற்குள் வந்து போகலாம். உள்ளடுக்கு கெட்டியானது, அங்கே நுழைவு கிடையாது. தெருத்திண்ணையும் பூட்டிய கதவும் மாதிரி.

இந்தச் சீதத்துக்கு உருவம் கொடுப்பது மியூசின் என்ற புரதம். புரதம் என்று பெயர்தானே தவிர, அதன் எடையில் பெரும்பங்கு அதன்மேல் முடிமுடியாக ஒட்டியிருக்கிற சர்க்கரைச் சங்கிலிகள்தான். செல்லுக்குள் சுருட்டி மடித்து வைத்திருக்கும். வெளியே வந்து தண்ணீரைப் பார்த்ததும் பல நூறு மடங்கு உப்பிவிடும். சப்ஜா விதையைத் தண்ணீரில் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய் வந்து பார்ப்போமே, அதே கதை.

இங்கேதான் விஷயத்துக்கு வருகிறோம். மியூசின் ஒரே வகை இல்லை. பெருங்குடல் முக்கியமாகச் செய்வது மியூக்-2 என்ற ரகம். இரைப்பையின் மேற்சுவர் செய்வது மியூக்-5ஏசி. அமிலம் சுரக்கிற இடம், அதற்கேற்ற கவசம். நம் மூச்சுக்குழாய்ச் சளியிலும் இந்த 5ஏசி உண்டு. இரைப்பையின் ஆழச் சுரப்பிகளில் மியூக்-6. ஆக, ஊருக்கு ஊர் சாம்பார் மாறுகிற மாதிரி உறுப்புக்கு உறுப்பு சீதம் மாறுகிறது.

ஆனால் சமையல் புத்தகம் எல்லா செல்லிலும் ஒன்றேதான். குடல் செல்லுக்குள்ளும் இரைப்பைச் சீதத்துக்கான குறிப்பு இருக்கிறது. அந்தப் பக்கத்தைத் திறக்காமல் மூடி வைத்திருக்கிறது, அவ்வளவுதான். இன்னொரு சுவாரஸ்யம். மியூக்-6, மியூக்-2, மியூக்-5ஏசி, மியூக்-5பி என்ற நான்கு ஜீன்களும் நம் 11-ஆம் குரோமோசோமின் ஒரு முனையில் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கின்றன. பக்கத்துப் பக்கத்துக் குறிப்புகள். எந்த உறுப்பு எந்தப் பக்கத்தைத் திறக்க வேண்டும் என்பது கறாராகத் தீர்மானிக்கப்பட்டிருக்கிறது.

பாலிப்பில் அந்தக் கறார் தளர்ந்துவிடுகிறது. பெருங்குடல் செல் மியூக்-5ஏசி பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இரைப்பைச் சீதத்தைச் செய்ய ஆரம்பிக்கிறது. வயதுவந்த மனிதரின் ஆரோக்கியமான பெருங்குடலில் இந்த ஜீன் ஏறக்குறைய வாயே திறக்காது. 1996-ல் பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் மலக்குடல் பகுதியின் வில்லஸ் அடினோமாக்களில் அது பேசிக்கொண்டிருப்பதைக் கண்டார்கள். வில்லஸ் என்றால் விரல் விரலாக நீட்டிக்கொண்டு வளர்கிற பாலிப். புற்றுநோயாக மாறும் வாய்ப்பு கூடுதலாக உள்ள ரகம்.

ரசம் வைக்க வேண்டிய அடுப்பில் யாரோ பாயசம் கிண்டிக்கொண்டிருக்கிறார்கள். பாயசம் விஷமில்லை. ஆனால் பந்தியில் ரசம் பரிமாறப்படவில்லை. சமையல்காரருக்குத் தான் எந்த வீட்டில் இருக்கிறோம் என்பதே மறந்துவிட்டது. அந்த மறதிதான் சேதி.

இப்போது தோழி பெரியப்பாவின் ஸ்லைடை வைத்தாள். எனக்கே வித்தியாசம் தெரிந்தது. கொத்தனார் நூலைக் கைவிட்டுவிட்டார். நியூக்ளியஸ்கள் நீளநீளமாக, கறுத்து, பென்சில் டப்பாவில் திணித்த பென்சில்கள் மாதிரி ஒன்றோடொன்று நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. வெள்ளைக் குமிழ்கள் பல இடங்களில் காணோம், சில இடங்களில் கோணல்மாணலாக. துணிக்குச் சாயம் போட வந்த அல்சியன் ப்ளூ என்ற சாயத்தை இன்னொரு துண்டில் ஏற்றிக் காட்டினாள். அது சீதத்தை நீலமாக்கும். நல்ல குடலில் குழிக்குக் குழி ஒரே சீரான நீலம். பெரியப்பாவின் பாலிப்பில் ஓர் ஓரத்தில் அப்பிய நீலம், இன்னோர் இடத்தில் ஒன்றுமேயில்லை.

"இது கேன்சரா?" என்றேன்.

"இல்ல. கேன்சர்னா இந்தச் செல்கள் கீழே இருக்கிற அடுக்கை உடைச்சுக்கிட்டு உள்ள இறங்கியிருக்கணும். இது இறங்கல. ஆனா இது நல்ல குடலும் இல்ல."

கேன்சரும் இல்லை, நல்லதும் இல்லை. காரைக்குடி வாசகிக்கு யாரும் சொல்லாமல் விட்டது இந்த மூன்றாவது இடத்தைத்தான். நாம் எதையும் இரண்டே பெட்டியில் போடப் பழகியிருக்கிறோம். 'ஒன்றுமில்லை' ஒரு பெட்டி, 'எல்லாம் முடிந்தது' இன்னொரு பெட்டி. பாலிப் இரண்டிலும் அடங்காது. அடினோமா வகைப் பாலிப் ஒன்று புற்றுநோயாக மாறுவதென்றால் பொதுவாகப் பத்து வருடம் போலப் பிடிக்கும் என்கிறார்கள். பெரும்பாலானவை அந்த எல்லையைத் தொடுவதே இல்லை. எது தொடும், எது தொடாது என்று பார்வையில் சொல்ல முடியாததால்தான் கண்ணில் பட்டதை எடுத்துவிடுகிறார்கள்.

அந்தப் பத்து வருடமும் வலிக்காது. வலித்திருந்தால் பெரியப்பா மூன்று வருடம் மசியல் சாப்பிட்டுக்கொண்டு காத்திருப்பாரா?

அமெரிக்க ஜனாதிபதி ரீகனை வயதான வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கும். 1985 ஜூலையில் ஒரு சின்னப் பாலிப்பை எடுக்கத்தான் மருத்துவமனைக்குப் போனார். மற்ற பகுதியையும் பார்த்துவிடலாம் என்று குழாயைக் கடைசிவரை கொண்டுபோனபோது, பெருங்குடல் தொடங்குகிற இடத்தில் பெரிய வில்லஸ் கட்டி ஒன்று இருந்தது. மறுநாளே ஆபரேஷன், சில மணி நேரத்துக்கு அதிகாரத்தைத் துணை ஜனாதிபதி புஷ்ஷிடம் ஒப்படைத்தார். கட்டிக்குள் புற்றுநோய் தொடங்கியிருந்தது. அதன் பிறகு அவர் 2004 வரை, 93 வயது வரை வாழ்ந்தார். உலகத்திலேயே அதிகக் காவல் உள்ள மனிதரின் உடம்புக்குள் அது சத்தமில்லாமல் வளர்ந்திருந்தது என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

சரி, இந்த மியூசின் மாற்றம் நோய்க்குக் காரணமா, நோயின் அடையாளமா? தோழி இரண்டு பக்கமும் தலையாட்டினாள். காரணம் என்று சொல்ல ஓர் ஆதாரம் உண்டு. 2002-ல் நியூயார்க்கில் அன்னா வெல்சிச்சும் அவருடைய சகாக்களும் மியூக்-2 ஜீனே இல்லாத எலிகளை உருவாக்கினார்கள். அந்த எலிகளுக்குக் குடலில் கட்டிகள் வந்தன, சில புற்றுநோயாகவும் மாறின. வேறு எதையும் தொடவில்லை, வேலியை எடுத்தார்கள், அவ்வளவுதான். ஆனால் மனிதர்களில் கதை அத்தனை நேராக இல்லை. சில பாலிப்புகளில் மியூக்-2 குறைகிறது. சில வில்லஸ் பாலிப்புகளில் அது நிறையவே இருக்கிறது. குடல் புற்றுநோய்களில் பத்தில் ஒன்றுக்குச் சற்று மேல், சீதத்தைக் குளம் குளமாகக் கொட்டுகிற ரகம். அதனால் 'சீதம் குறைந்தால் கெட்டது, கூடினால் நல்லது' என்று யாராவது வீடியோ போட்டால் நம்பாதீர்கள். கெட்டது அளவல்ல, ஒழுங்கு.

அளவு மீறினால் என்ன ஆகும் என்பதற்கும் ஓர் உதாரணம் சொன்னாள். மிக அபூர்வம், ஆனால் மறக்க முடியாதது. மலக்குடலில் பெரிதாக வளர்ந்த வில்லஸ் கட்டி ஒன்று நாளுக்கு லிட்டர் கணக்கில் சீதநீரைக் கொட்டி, உடம்பின் உப்புச்சத்து, பொட்டாசியம் எல்லாவற்றையும் வற்றடித்துவிடும். 1954-ல் மெக்கிட்ரிக், வீலாக் என்ற இருவர் இதை விவரித்தார்கள், அவர்கள் பெயரிலேயே இன்றும் அழைக்கப்படுகிறது. நோயாளிக்குப் பேதி என்று மருந்து கொடுத்துக்கொண்டே இருப்பார்களாம். பேதி நிற்காது. அது பேதியே இல்லையே!

இன்னொரு ரகப் பாலிப் இருக்கிறது. அதைப் பற்றிக் கேட்டபோதுதான் எனக்குக் கொஞ்சம் வயிற்றைக் கலக்கியது. இது காளான் மாதிரி எழுந்து நிற்காது. தோசைக்கல்லில் தெறித்துக் காய்ந்த மாவு மாதிரி தட்டையாக, வலப்பக்கக் குடலில் ஒட்டிக்கொண்டிருக்கும். வெட்டிப் பார்த்தால் ரம்பப் பல் போன்ற விளிம்பு. 'செசைல் செரேட்டட்' என்பது மருத்துவர்கள் வைத்த பெயர். 1990-கள் வரை இது மாதிரியானவற்றைப் பரம சாது என்று நினைத்து விட்டுவிட்டார்கள். இன்றைய கணக்குப்படி பெருங்குடல் புற்றுநோய்களில் சுமார் 15 முதல் 30 சதவீதம் இந்தப் பாதையில் வருகிறது. மியூக்-5ஏசி என்ற இரைப்பைச் சீதம் உரக்கப் பேசுவது இந்த ரகத்தில்தான். சிலவற்றில் மியூக்-6-உம் சேர்ந்துகொள்ளும்.

இதை டாக்டர்கள் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? சீதத்தை வைத்துத்தான். இந்தத் தட்டைப் பாலிப் தன் தலையில் மஞ்சளும் பழுப்புமாக ஒரு சீதத் தொப்பி போட்டுக்கொண்டிருக்கும். அனுபவமுள்ள மருத்துவர் அந்தக் கறையைப் பார்த்ததும் நிற்பார். குழாய் வழியாகத் தண்ணீரைப் பீய்ச்சித் தொப்பியைக் கழற்றுவார். கீழே அந்தப் பக்கத்து ரத்த நாளக் கோலம் மட்டும் அழிந்தாற்போல் இருக்கும். அதுதான் பாலிப். அவசரமாகக் குழாயை உருவினாலோ, முந்தின நாள் நாம் அந்த இரண்டு லிட்டரை ஒழுங்காகக் குடிக்காமல் அரை லிட்டரை வாஷ்பேசினில் கொட்டினாலோ, இது தப்பிவிடும். இந்த ரகம் அதிகம் ரத்தம் கசியாது என்பதால் மலத்தில் மறைந்திருக்கும் ரத்தத்தைத் தேடும் சோதனையிலும் நழுவிவிடக்கூடும். கொட்டிவிடலாமா என்று யோசிக்கிற பெரியவர்கள் வீட்டில் இருந்தால், அடுத்த டம்ளரோடு இந்தப் பத்தியையும் நீட்டுங்கள்.

அலுவலகத்தில் இதைச் சொன்னபோது எல்லோரும் ரசித்த ஒரு செய்தி. 1982-ல் அமெரிக்காவில் ரிச்சர்ட் போலண்டும் அவருடைய குழுவினரும் குடல் சீதத்தைச் சோதிக்க எடுத்துக்கொண்ட கருவி என்ன தெரியுமா? வேர்க்கடலை. வேர்க்கடலையில் ஒரு புரதம் இருக்கிறது. குறிப்பிட்ட சர்க்கரை அமைப்பைக் கண்டால் போய் ஒட்டிக்கொள்ளும். நல்ல குடலின் சீதத்தில் அந்த அமைப்பு மேலே வேறு சர்க்கரைகளால் மூடப்பட்டிருப்பதால் ஒட்டாது. புற்றுநோய்த் திசுவின் சீதத்தில் ஒட்டியது. சாதாரணப் பாலிப்புகள் பலவற்றிலும் ஒட்டியது. கேன்சர் இல்லாத கட்டியிலேயே சீதத்தின் மேலாடை மாறத் தொடங்கிவிட்டது என்று அந்தக் கடலைப்புரதம் காட்டிக்கொடுத்தது. பலாக்கொட்டையிலும் இதே மாதிரி ஒரு புரதம் உண்டு. ஜேக்ஃப்ரூட் என்ற பெயரிலிருந்தே அதற்கு ஜாக்கலின் என்று பெயர். பண்ருட்டி வாசகர்கள் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். பயந்துபோய் யாரும் கடலை மிட்டாயைத் தூக்கிப் போட வேண்டாம், இது லேபில் ஸ்லைடுமேல் நடக்கிற சமாச்சாரம்.

"அப்படின்னா ஒரு சொட்டுச் சீதத்தை எடுத்து டெஸ்ட் பண்ணிப் பாலிப்பைக் கண்டுபிடிச்சிடலாமே?" என்று தோழியிடம் கேட்டேன். சிரித்தாள். சிக்கல் இதுதான்: மலக்குடல் ஓரத்தில் வருகிற சாதுவான குட்டிப் பாலிப்புகளும் மியூக்-5ஏசி செய்கின்றன. வெறும் அழற்சியும் புண்ணும்கூட மியூசினை மாற்றக்கூடும். அதனால் இதை மட்டும் வைத்து ஒருவரைப் பயமுறுத்தவும் முடியாது, நிம்மதியாக அனுப்பவும் முடியாது. இன்றைக்கும் அவர்கள் நம்புவது மூன்றை: எவ்வளவு பெரிசு, விரல் விரலாக இருக்கிறதா, செல்கள் எந்த அளவுக்கு ஒழுங்கு தவறியிருக்கின்றன. காரைக்குடி ரிப்போர்ட்டின் ஒற்றை வரி சொல்வதும் இவற்றில் கடைசி இரண்டைத்தான். 'வில்லஸ்' என்ற சொல் அதில் ஒளிந்திருப்பதால்தான் மூன்று வருடம். அமெரிக்கச் சிறப்பு மருத்துவர் அமைப்புகள் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் அப்படித்தான் சொல்கிறது. ஒரு சென்டிமீட்டருக்குக் குறைவாக, விரல் அமைப்பு இல்லாமல் ஒன்றோ இரண்டோ மட்டும் இருந்தால் ஏழு முதல் பத்து வருடம் கழித்து வந்தால் போதும். காரைக்குடி அம்மா, உங்கள் டாக்டர் எதையும் மறைக்கவில்லை. ஐந்து நிமிடம் உட்காரவைத்து விளக்கியிருக்கலாம் என்பது மட்டும்தான் என் குறை.

அண்ணனை ஏன் கூப்பிடுகிறார்? ஒரே குடும்பம், ஒரே ரத்தம், பல நேரம் ஒரே அடுப்பு. அப்பா, அம்மா, உடன்பிறந்தவர் யாருக்காவது பெருங்குடல் புற்றுநோயோ, அபாயம் கூடுதலான பாலிப்போ இருந்தால், மற்றவர்கள் 40 வயதிலேயே, அல்லது அவருக்குக் கண்டுபிடித்த வயதுக்குப் பத்து வருடம் முன்னாலேயே, எது முந்துகிறதோ அப்போது பார்த்துக்கொள்வது நல்லது என்பது பரவலான வழக்கம். நம் நாட்டில் இந்த நோய் மேல்நாடுகளைவிடக் குறைவுதான். அதனால் வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுநோய்களுக்கு இருப்பதுபோல இதற்கு ஊர் ஊராகப் பரிசோதிக்கும் அரசுத் திட்டம் இல்லை. குறைவு என்ற அந்த நிம்மதியிலேயே ஒரு குழி இருக்கிறது. மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனையின் ஆய்வில், வந்த நோயாளிகளின் சராசரி வயது 50-க்கும் கீழே. அவர்களில் கணிசமானவர்களுக்கு 'முத்திரை மோதிர' வகை. செல்லுக்குள் மியூசின் ததும்பி நியூக்ளியஸை ஓரத்துக்குத் தள்ளிவிட, பார்ப்பதற்குக் கல் வைத்த மோதிரம் மாதிரி இருக்குமாம். அழகான பெயர், முரட்டு நோய். சுற்றிச் சுற்றி மறுபடி மியூசினிடமே வந்து நிற்கிறோம், பாருங்கள்.

சாப்பாட்டைப் பற்றி ஒன்று சொல்லாவிட்டால் நம் வாசகிகள் விடமாட்டார்கள். 2016-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், மனிதக் குடல் பாக்டீரியாக்களைக் குடியேற்றிய எலிகளுக்கு நார்ச்சத்தே இல்லாத தீனி கொடுத்துப் பார்த்தார்கள். பசித்த பாக்டீரியாக்கள் என்ன செய்தன? சீதப் படலத்தின் சர்க்கரையைத் தின்ன ஆரம்பித்தன. வேலி மெலிந்தது, கெட்ட கிருமி சுலபமாக உள்ளே புகுந்தது. எலிக்கு நடந்தது அப்படியே நமக்கும் நடக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குச் சாப்பாடு போடாவிட்டால் அவன் கூரையைப் பிய்ப்பான் என்று புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டுமா? கீரையும் அவரைக்காயும் கேழ்வரகும் நமக்குப் புதுசில்லை. குழந்தைகள் டிபன் பாக்ஸில் அவரைக்காயை ஓரமாக ஒதுக்கி வைத்துத் திரும்பக் கொண்டுவருவதுதான் புதுசு.

இதையும் சொல்லிவிடுகிறேன். 'குடலில் அப்பியிருக்கும் சளியைச் சுத்தமாக வெளியேற்றும் பானம்' என்று போனில் விளம்பரங்கள் வருகின்றன. நம் பத்திரிகைக்கும் ஒன்று வந்தது, திருப்பி அனுப்பிவிட்டேன். உடம்பு பார்த்துப் பார்த்துக் கட்டிய வேலியைக் காசு கொடுத்துக் கழுவ ஆசைப்படுகிறோம்!

பெரியப்பாவிடம் பின்னாளில் கேட்டேன், "ஏன் பெரியப்பா, ரத்தம் வந்தப்பவே எங்கள்ல யார்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?" அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: "மருமகள்கள் இருக்கிற வீட்ல இதையெல்லாம் எப்படிம்மா சொல்றது?" சுகர் எவ்வளவு, பிரஷர் எவ்வளவு என்று வாசலில் நின்று சத்தமாகச் சொல்கிற மனிதர் அவர். பெரியம்மாவுக்கு மட்டும் ரத்தம் தெரியும். சீதம் கட்டிகட்டியாகப் போனதை அவரிடமும் சொல்லவில்லை. மலத்தில் ரத்தம், வழக்கத்துக்கு மாறான சீதம், மாதக்கணக்கில் மாறிப்போன போக்கு, காரணமில்லாத ரத்தசோகை, இதில் எது இருந்தாலும் மூலம் என்று நாமே முடிவு கட்டாமல் ஒருமுறை காட்டிவிடுவோம். மூலமாகவே இருந்துவிட்டுப் போகட்டும், துத்திக்கீரை எங்கே போகப்போகிறது?

காரைக்குடி வாசகிக்கு இதையெல்லாம் சுருக்கி எழுதிப் போட்டேன். அண்ணனுக்கு 43 வயதாம், ஜவுளிக் கடை, உட்கார நேரமில்லாத மனிதர். நேற்று பதில் வந்தது. "அண்ணன் ஒத்துக்கிட்டான் அக்கா. வெள்ளிக்கிழமை கடையில கூட்டம், திங்கள்கிழமை போறோம். அந்த ரெண்டு லிட்டர்ல கொஞ்சம் சர்க்கரை போட்டுக்கலாமானு கேக்கச் சொன்னான்."

அதை டாக்டரிடம் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்